நடுச்சாமச் சாப்பாடும் உடலின் மணிக்கூடும்

யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து வேலை செய்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். போதனா வைத்தியசாலை வாட்டுகளில் மாலை ஏழு மணிக்குக் கடமையேற்ற தாதியர் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். வெதுப்பகங்களில் காலைப் பாணுக்கான மா இரவில்தான் குழைக்கப்படுகிறது. குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரைகளில் இருந்து பின்னேரம் புறப்பட்ட படகுகள் விடியப்புறம்தான் திரும்பும். கொழும்பு போகும் இரவு பஸ்ஸின் சாரதி ஏ9 வீதியில் கண்ணை உருட்டிக்கொண்டு இருப்பார். வங்கி வாசல்களிலும் கட்டட வேலை நடக்கும் வளவுகளிலும் காவலாளிகள். அமெரிக்க நேரத்துக்குக் கணினி முன் இருக்கும் இளையவர்களும் இப்போது இவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு மணி, இரண்டு மணியளவில் பசிக்கும். வீட்டில் கட்டிக் கொடுத்த புட்டும் கறியும், கடையில் வாங்கிவைத்த கொத்துரொட்டி, ரோல்ஸ், பிஸ்கட், சீனி தூக்கலாய்ப் போட்ட பால்தேத்தண்ணி என்று கையில் கிடைத்தது வயிற்றுக்குள் போகும். அதில் ஒரு குற்றமும் இல்லை. பசித்தவர் சாப்பிடுகிறார். ஆனால் அந்த நேரத்தில் போகும் சோற்றை உடல் எப்படிக் கையாள்கிறது என்பதுபற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்திருக்கும் அறிவு, இந்த மனிதர்களின் காதுக்கு இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்திருப்பது இன்னொரு ஆலோசனை. பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயவிடு, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடி, மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு நிறுத்து என்று கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது பகலில் வேலை செய்து இரவில் தூங்குபவரை நினைத்துப் போட்ட கணக்கு. இரவு வேலைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “எனக்குப் பகல் என்பது இரவுதானே, அப்படியானால் இரவு எட்டுக்குத் தொடங்கிக் காலை நாலுக்கு நிறுத்துகிறேன்” என்று திருப்பிப் போட்டால் எட்டு மணி நேரக் கணக்கு சரியாக வரும். உடலுக்கு மட்டும் அது பிழையான எட்டு மணி நேரம். எத்தனை மணி நேரம் சாப்பிடுகிறோம் என்பதைவிட, எந்த மணி நேரங்களில் சாப்பிடாமல் விடுகிறோம் என்பதுதான் இரவு வேலைக்காரருக்கு முக்கியம் என்பது என் வாசிப்பில் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களில் இருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. உடலின் தலைமை மணிக்கூடு அதுதான். கண்ணின் விழித்திரையில் உள்ள ஒருவகைச் சிறப்புக் கலங்கள் வெளிச்சத்தை உணர்ந்து அதற்கு நேரத்தைச் சொல்கின்றன. ஆனால் மணிக்கூடு அந்த ஓரிடத்தில் மட்டும் இல்லை. ஈரலிலும் சதையியிலும் கொழுப்புக் கலங்களிலும் தசையிலும், சொல்லப்போனால் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்திலும், ஒரு சிறு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது. சில பரம்பரையலகுகள் ஒரு புரதத்தை உண்டாக்கும். இரவில் அந்தப் புரதம் சேர்ந்து சேர்ந்து, தன்னை உண்டாக்கிய பரம்பரையலகையே நிறுத்திவிடும். பகலில் அது சிதைந்து குறைந்ததும் மறுபடி உற்பத்தி தொடங்கும். இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கும். பழ ஈக்களில் இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தலைமை மணிக்கூடு வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. ஈரலின் மணிக்கூட்டுக்கோ சாப்பாடு வரும் நேரமும் பெரிய அடையாளம். பகலில் வேலை செய்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே வரும்: வெளிச்சம் இருக்கும்போது சாப்பாடு, இருட்டில் பட்டினி. இரவு வேலையில் இவை பிரிந்துபோகின்றன. மூளை இரவு என்கிறது. நடுச்சாமத்தில் வந்திறங்கிய புட்டு, ஈரலுக்கு இது பகல் என்கிறது.

நாலைந்து நாள் இரவு வேலை செய்தால் தலைமை மணிக்கூடும் பழகிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலானவர்களில் அது முழுதாகப் பழகுவதில்லை, பழக விடுவதும் இல்லை. காலை ஏழு மணிக்கு வாட்டை விட்டு வெளியே வந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது யாழ்ப்பாணத்து வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. அந்த ஒரு வெளிச்சமே மூளையை மறுபடி பகல் பக்கம் இழுத்துவிடப் போதும். பூமத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆறு மணியளவில் விடிந்து, ஆறு, ஆறரைக்கு இருளும். அதோடு விடுமுறை நாளில் வீட்டாரோடு சேர்ந்து பகலில் சாப்பிட்டு இரவில் தூங்குகிறோம். ஆகவே ஆண்டுக்கணக்காக இரவில் வேலை செய்பவரின் மூளையும் பெரும்பாலும் பகல் மனிதரின் மூளையாகவே இருக்கிறது.

இரவில் சாப்பிட்டால் என்னதான் நடக்கிறது? இருட்டியதும் மூளையில் மெலற்றோனின் என்ற ஓமோன் சுரக்கத் தொடங்கும். வழமையான தூக்க நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அது ஏறத் தொடங்கிவிடும். தூக்கத்தோடு சேர்த்துத்தான் அதை எல்லோரும் அறிவோம். ஆனால் இன்சுலினைச் சுரக்கும் சதையியின் கலங்களிலும் அதை உணர்ந்து பிடிக்கும் வாங்கிகள் இருக்கின்றன. மெலற்றோனின் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கலங்கள் இன்சுலினைத் தாராளமாக விடுவதில்லை. இரவு முழுவதும் பட்டினி கிடக்கப்போகும் உடலுக்கு இது நல்ல ஏற்பாடுதான்; சாப்பாடு இல்லாத நேரத்தில் இன்சுலின் எதற்கு? அந்த நேரத்தில் வரும் சோறு கடை பூட்டிய பிறகு வந்திறங்கிய சரக்குமாதிரி. இறக்கி உள்ளே எடுத்துவைக்க ஆளில்லாததால் அது வாசலிலேயே, அதாவது குருதியிலேயே, நீண்ட நேரம் கிடக்கிறது.

ஸ்பெயினில் 845 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு நாட்களில் குளுக்கோஸ் கரைசல் கொடுத்தார்கள். ஒரு நாள் படுக்கப் போவதற்கு நாலு மணி நேரம் முன்னால், மற்ற நாள் ஒரு மணி நேரம் முன்னால். பிந்திக் குடித்த நாளில் மெலற்றோனின் மூன்றரை மடங்கு கூடுதலாக இருந்தது, இன்சுலின் குறைவாகச் சுரந்தது, குருதிச் சீனி ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது. மெலற்றோனின் வாங்கிக்கான பரம்பரையலகில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களிடம் இந்தக் கேடு இன்னும் அதிகம். இத்தனைக்கும் இவர்கள் இரவில் கண்விழித்தவர்கள்கூட அல்லர், இராச்சாப்பாட்டைச் சற்றுப் பிந்தியவர்கள், அவ்வளவுதான்.

முழுதாகத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஃபிராங்க் ஷீயர் குழுவினர் 2009இல் பார்த்தார்கள். பத்துப் பேரை ஆய்வுகூடத்தில் வைத்து, ஒரு நாள் என்பது 28 மணி நேரம் என்ற கணக்கில் வாழவைத்தார்கள். நாலைந்து நாளில் அவர்களின் சாப்பாடும் தூக்கமும் உடல் மணிக்கூட்டுக்கு நேர் எதிராக வந்து நின்றன. குருதிச் சீனி 6 வீதம் ஏறியது. அதைக் கட்டுப்படுத்த உடல் 22 வீதம் கூடுதல் இன்சுலினைச் செலவழித்தும் முடியவில்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்ரின் 17 வீதம் குறைந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு உள்ளே போனவர்களில் மூன்று பேருக்கு, சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி, நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று சொல்லத்தக்க அளவுக்குப் போனது. சில நாட்களுக்குள் இத்தனை மாற்றம்.

ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் இதன் சுவடு தெரிகிறது. ஏறத்தாழ 177,000 அமெரிக்கத் தாதியரை இருபது ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பத்தொன்பது ஆண்டுகள் சுழற்சி முறையில் இரவுக் கடமை செய்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 40 வீதம் கூடுதலாகவும், இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர்களுக்கு 58 வீதம் கூடுதலாகவும் இருந்தது. இதில் ஒரு பெரும் பகுதி, இரவு வேலையோடு உடல் எடையும் ஏறியதால் வந்தது. எடையைக் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு நன்றாகக் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை.

இவ்வளவும் கேட்டால் இரவு வேலையே கேடு, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றுதான் மனம் சோரும். நோயாளியை இரவில் பார்க்க ஆள் வேண்டும், காலையில் பாண் வேண்டும். இரவு வேலையை ஒழிக்க முடியாது. அதனால்தான் 2021இல் அதே ஷீயர் குழுவில் இருந்து சாரா செல்லப்பா முன்னின்று வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரவு வேலையின் கேட்டில் எவ்வளவு விழித்திருப்பதால் வருகிறது, எவ்வளவு இரவில் சாப்பிடுவதால் வருகிறது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள்.

19 பேர், எல்லோரும் இளையவர்கள், நோயற்றவர்கள். பதினாலு நாள் ஆய்வுகூட வாசம். இரு குழுவினரும் இரவு வேலைக்காரர்போல இரவில் விழித்துப் பகலில் தூங்கினார்கள். ஒரு குழுவினர், நிஜ இரவு வேலைக்காரர் செய்வதுபோல, இரவிலும் சாப்பிட்டார்கள். மற்றக் குழுவினரின் சாப்பாடு முழுவதும் பகல் நேரத்துக்குள் அடங்கியது. இரு குழுவுக்கும் தூக்கத்தின் அளவு ஒன்றே, கலோரியும் ஒன்றே. முடிவில் இரவில் சாப்பிட்டவர்களின் சராசரிக் குருதிச் சீனி 6.4 வீதம் ஏறியிருந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களில் குறிப்பிடத்தக்க ஏற்றம் எதுவும் இல்லை. அவர்களும் இரவு முழுவதும் விழித்தவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். தலைமை மணிக்கூடு இரு குழுவிலும் ஒரே இடத்திலேயே நின்றது. உடலுக்குள்ளே சீனியின் தாளம் மட்டும் இரவில் சாப்பிட்டவர்களிடம் பெரிதாக இடம் மாறிப்போயிருந்தது. இதே ஆட்களின் மனநிலையையும் பார்த்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற உணர்வு 26 வீதமும் பதற்றம் 16 வீதமும் கூடியிருந்தன. பகல் சாப்பாட்டுக்காரர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆய்வுகூடத்தில் பகலில் வந்து எழுப்பப் பிள்ளைகள் இல்லை, அடுப்பில் உலை இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ள ஒரு சாரதிக்கு இதே பலன் இதே அளவில் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இது ஒரு நல்ல செய்தி. விழிப்பை மாற்ற முடியாதவரிடம், சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது என்று அது சொல்கிறது.

நிஜ வாழ்க்கையில் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளின் சாப்பாட்டைச் சில மணி நேரத்துக்குள் அடக்கும் நேர வரம்புச் சாப்பாடு என்ற சிந்தனையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் சோக் நிறுவனத்தில் பணியாற்றும் சச்சின் பாண்டா. அவருடைய குழு 2012இல் எலிகளில் ஒரு வேடிக்கையைக் கண்டது. கொழுப்பு நிறைந்த தீனியை எந்நேரமும் தின்ற எலிகள் கொழுத்து நோயாளிகளாயின. அதே தீனியை அதே கலோரி அளவில், ஆனால் எலிகளின் இயல்பான விழிப்பு நேரமான இரவில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்றவை அப்படி ஆகவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே குழுவினர் கலிபோர்னியாவின் சன் டியாகோ நகரத் தீயணைப்பு வீரர்கள் 137 பேரிடம் போனார்கள். இவர்கள் 24 மணி நேரக் கடமை செய்பவர்கள். எல்லோருக்கும் நல்ல உணவுபற்றிய அறிவுரை கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும், சாப்பாட்டைப் பத்து மணி நேரத்துக்குள் அடக்குங்கள் என்று கூடுதலாகக் கேட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களிடம் குருதியில் உள்ள ஒருவகைத் தீய கொழுப்புத் துணிக்கைகளின் பருமன் குறைந்தது. ஏற்கெனவே சீனி, பிறசர் கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்று மாதச் சராசரிச் சீனியும் கீழ்ப் பிறசரும் இறங்கின. முக்கியமாக, அவர்களால் அதைக் கடைப்பிடிக்க முடிந்தது. எட்டு மணி நேரம் என்று பிடிவாதம் பிடிக்காமல் பத்து என்று வைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதோடு இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பகல் மனிதர்கள் எடை குறைப்பதற்காக இதைச் செய்தபோது முடிவுகள் அவ்வளவு பிரமாதமாக இல்லை. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம், மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டுவரை மட்டும் சாப்பிடச் சொன்ன ஆய்வில், சாதாரணமாக மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட எடை குறிப்பிடும்படி கூடுதலாகக் குறையவில்லை. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலும், கலோரியைக் குறைத்தவர்களுக்கும் கலோரியோடு நேரத்தையும் குறைத்தவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆக, நேரத்தைச் சுருக்கினால் கொழுப்பு தானாகக் கரையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024இல் இதற்கு நேர்மாறான ஒரு பயமும் பரவியது. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 91 வீதம் அதிகம் என்று ஒரு மருத்துவ மாநாட்டில் சொல்லப்பட்டது. அது, மக்கள் இரண்டு நாட்களில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில் இருந்து சொன்னதை வைத்து, பல ஆண்டு கழித்து யார் இறந்தார்கள் என்று பார்த்த கணக்கு. வறுமையாலோ நோயாலோ ஒழுங்காகச் சாப்பிட முடியாதவர்களும் அந்த எட்டு மணிக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். அதை வைத்துப் பயப்படவும் தேவையில்லை.

சரி, இதெல்லாம் எங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது? 2005–06இல் இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்து வீதத்தினருக்குச் சற்று மேல்தான் நீரிழிவு இருந்தது. 2018–19இல் நாடு தழுவிய இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வு 23 வீதம் என்று கண்டது. நாலு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வுமுறைகள் வேறுபட்டாலும், போகும் திசையில் சந்தேகம் இல்லை. அதோடு எங்கள் தட்டில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து. காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவில் புட்டு. உடலின் சீனிக் கட்டுப்பாடு மிகப் பலவீனமாக இருக்கும் நேரத்தில் இன்னொரு கோப்பை புட்டையும் ஏற்றுவது, ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் பக்கத்தில்தான் பாரம் ஏற்றுகிறது.

தேத்தண்ணியின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ நாலு கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டி, இரவுக்கு நாலு கோப்பை என்றால் 48 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. சாப்பிடவே இல்லை, தேத்தண்ணி மட்டும்தான் குடித்தேன் என்று சொல்லும் இரவுக் காவலாளியின் ஈரல் விடியும்வரை வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒரு தாதியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஏழரை, எட்டுக்கு வீட்டில் அளவான ஒரு காலைச் சாப்பாடு. தூக்கம். இரண்டு, இரண்டரைக்கு எழும்பி மதியச் சாப்பாடு. கடமைக்குப் புறப்பட முன், ஐந்தரை, ஆறு மணிக்கு, இராச்சாப்பாடு. எட்டில் இருந்து ஆறு என்றால் அதுவே பத்து மணி நேரம், தீயணைப்பு வீரர்கள் பிடித்த அதே அளவு. எடுத்த எடுப்பில் இது எல்லோராலும் முடியாது. அப்படியானால் ஒன்பது மணிக்கு வாட்டு சற்று அடங்கியதும் சிறிதாக ஏதாவது சாப்பிட்டு, நள்ளிரவில் இருந்து காலை ஆறுவரை மட்டும் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதில் தொடங்கலாம். அந்த ஆறு மணி நேரம்தான் இதில் உயிரான பகுதி. தண்ணீர் வேண்டியமட்டும் குடிக்கலாம், சீனியும் பாலும் போடாத தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் வேண்டாம், காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். தாங்க முடியாத பசி என்றால் அவித்த முட்டையோ ஒரு பிடி கச்சானோ அவித்த கடலையோ போதும். இவற்றில் மாச்சத்து குறைவு அல்லது மெதுவாகக் கரைவது. பிஸ்கட்டும் ரோல்ஸும் அந்த நேரத்துக்கு மிக மோசமான தெரிவு.

சாப்பிடாவிட்டால் வேலையில் கவனம் சிதறாதா? நியாயமான பயம்தான். தென் அவுஸ்திரேலியாவில் இரவு வேலையை ஆய்வுகூடத்தில் போலச் செய்து பார்த்தவர்கள் எதிர்ப்பக்கமாகவே கண்டார்கள். நள்ளிரவுக்குப் பின் பெரிய சாப்பாடு சாப்பிட்டவர்கள்தான் விடியப்புறம் கூடுதலாகத் தடுமாறினார்கள். இரவு பஸ் சாரதிகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடுவழிக் கடையில் நிறையக் கொத்து சாப்பிட்டுவிட்டு ஏறினால், அடுத்த இரண்டு மணி நேரம் அந்த வீதியில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. புறப்பட முன் யாழ்ப்பாணத்திலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுவழியில் இறங்கி முகம் கழுவி, வெறும் தேத்தண்ணியோடு நிறுத்துவது நல்லது.

மீனவருக்கு இதே அறிவுரையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வலை இழுப்பது உடல் முறியும் வேலை. அலைக்கு நடுவே தலை சுற்றினால் பிடிக்க ஆளில்லை. அவருக்குச் சாப்பாடு வேண்டும். கரையில் இருந்து போகுமுன் பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு, கடலில் சாப்பிடும் பொதியைச் சிறிதாக்கி, அதில் சோற்றைக் குறைத்து மீனையும் பயறையும் கூட்டுவது ஒன்றுதான் நடக்கக்கூடியது. போறணை வேலைக்காரரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவருக்கு அனலில் வியர்த்து ஊற்றுவதால் தண்ணீர் இன்னும் முக்கியம். கைக்கெட்டும் தூரத்தில் சூடான பணிஸ் இருப்பது அவருக்கு இன்னொரு சோதனை.

வயிற்றைக் காயவிடுவது எங்களுக்குப் புதிதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிப்பவர்கள், வெள்ளிக்கிழமையில் ஒருநேரம் சாப்பிடுபவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு சைவ வீட்டிலும் இருக்கிறார்கள். பட்டினி என்றதும் எங்கள் ஆட்கள் மிரள்வதில்லை, அது ஒரு பலம். ஆனால் விரதம் ஆண்டில் சில நாள், நேர வரம்பு தினசரிப் பழக்கம். விரதத்தை முடிக்கும்போது வடையும் பாயாசமும் சேர்ந்து வருவதையும் பார்க்கிறோம். றமழானில் நிலைமை வேறு. பகலில் நோன்பு, இரவில் சாப்பாடு என்பதால் மேலே சொன்ன கணக்கு அந்த மாதத்துக்குப் பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு பிடிப்பதற்கென்று மருத்துவ வழிகாட்டல்கள் தனியாகவே இருக்கின்றன. இரவுக் கடமை செய்யும் முஸ்லிம் சகோதரர்கள் றமழானுக்கு முன்னரே வைத்தியரோடு பேசிக்கொள்வது நல்லது.

தூக்கத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் பேசுவது அரைவாசிக் கதை. பதினொரு இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்விலேயே, அவர்களின் உடல் சீனியைக் கையாளும் வேகம் நன்றாகக் குறைந்திருந்தது. இங்கே இரவுக் கடமை முடித்து வரும் தாதியரில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மதியத்துக்குச் சமைத்து, உடுப்புத் தோய்த்து, பதினொரு மணிக்குத்தான் பலர் படுக்கிறார்கள். அப்போது அறைக்குள் அனல், வெளியே ஒலிபெருக்கி. இந்தப் பெண்ணிடம் போய் நேரம் பார்த்துச் சாப்பிடு என்று மட்டும் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இரவுக் கடமை நாளில் வீட்டுச் சமையலை வேறொருவர் ஏற்பதும், அறையை இருட்டாக்கி அமைதியாய் விடுவதும் அவருடைய சீனிக்கான சிகிச்சையின் ஒரு பகுதி என்று குடும்பம் நினைக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஏழு மணிக்கு வேலை தொடங்குபவருக்கு எட்டு, ஒன்பதுக்குள் இருபது நிமிட இடைவேளை உறுதியாகக் கிடைத்தால், அவர் இரண்டு மணிக்குச் சாப்பிட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். இரவில் திறந்திருக்கும் சிற்றுண்டிச்சாலையில் அவித்த முட்டை, கடலை, சீனி போடாத தேத்தண்ணி இருந்தால் ஆட்கள் வாங்குவார்கள். ரோல்ஸ் மட்டும் இருந்தால் ரோல்ஸைத்தான் வாங்குவார்கள்.

கடைசியாக, மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. இன்சுலின் ஊசி போடுபவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், ரொல்பியூற்றமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது. இந்த மருந்துகள் சாப்பாடு வருகிறதோ இல்லையோ சீனியை இறக்கும். வழமைபோல மாலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு நள்ளிரவுச் சாப்பாட்டை விட்டால், மூன்று மணிக்கு வியர்த்து நடுங்கி மயங்கி விழலாம். பஸ் ஓட்டும்போதோ படகிலோ அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மெற்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் சொல்லிவிட்டு மாற்றுவதே சரி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் வயதினர், எடை குறைந்தவர்கள், குடற்புண் உள்ளவர்கள் இந்தப் பழக்கத்துக்குள் போக வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது, கேட்காவிட்டாலும் உங்கள் வேலை நேரத்தை நீங்களே சொல்லுங்கள். மருந்துத் துண்டில் காலை, இரவு என்று எழுதியிருப்பது பகல் மனிதருக்கான அட்டவணை. உங்கள் நாளுக்கு ஏற்ப வைத்தியர் அதை மாற்றித் தர முடியும். இரவுக் கடமை முடிந்த கையோடு காலையில் போய் வெறும் வயிற்றுச் சீனிச் சோதனைக்கு இரத்தம் கொடுப்பவர்கள் பலர். மூன்று மணிக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்திருந்தால் அது வெறும் வயிறே இல்லை. எதுவும் குடிக்காவிட்டாலும் தூங்காத இரவின் பாதிப்பு அந்த எண்ணில் கலந்திருக்கும். குறைந்தது ஓர் இரவாவது வீட்டில் தூங்கி எழுந்த காலையில் அந்தச் சோதனையைச் செய்யுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. வாய்ப்பு இருந்தால், சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் அதைச் செய்து, இரண்டு துண்டுகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.